அரை மணிக்கு ஒரு தடவை

அன்றைக்கு எங்கள் ஹாலில் இருந்தவர்கள் நாலு பேர். நான். சக்கர நாற்காலியில் என் வீட்டுக்காரர். மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு யூனிபார்ம்கூட மாற்றாமல் வந்திருந்த என் தம்பி. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த கீழ் வீட்டு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இதுதவிர மலேசியாவிலிருந்து வீடியோ காலில் இரண்டு பேர், எங்கள் படகை வாங்க வந்திருந்த புருஷனும் பெண்சாதியும். மொத்தம் ஆறு. அந்த நேரத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து கதவைத் தட்டினார், ஆனால் உள்ளே வரவில்லை. அவரைச் சேர்க்க மாட்டேன்.

இப்படி ஆள் கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர் வாய் பேச முடியாத ஆளாச்சே, விற்கச் சம்மதித்தார் என்று யார் பார்த்தார்கள் என்று. இந்த ஆறு பேரும் பார்த்தோம்.

பதினோரு வருஷம் நாங்கள் குடியிருந்த படகு அது. விற்கப் போகிறோம் என்று அன்று காலை வரைக்கும் அவருக்குத் தெரியாது. மாதக் கடைசிக்குள் விற்காவிட்டால், அதை நிறுத்தியிருந்த படகு பழுதுபார்க்கும் யார்டுக்காரர்கள் வாடகைப் பாக்கிக்காக ஏலம் விடுவார்கள். எடுக்க ஆள் வராவிட்டால் உடைத்துவிடுவார்கள். படகு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. என் கையெழுத்து மட்டும் போதாது.

நான் ஊரப்பாக்கத்தில் பிறந்தவள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா படுத்த படுக்கையானாள், தம்பி கைக்குழந்தை, அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. தாம்பரத்தில் தையல் கற்றுக்கொண்டு ஜாக்கெட் தைத்தேன். சின்ன வயதிலிருந்தே எதற்கும் பயப்படுகிறவள் நான். தைத்துக் கொடுத்த ஜாக்கெட் கல்யாண வீட்டில் கிழிந்துவிடுமோ என்று, யாரோ முன்பின் தெரியாத கல்யாணப் பெண்ணுக்காகத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

இவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் முடிச்சூரில். இருபது வருஷம் அப்படியே ஓடியது. எங்களுக்குக் குழந்தை இல்லை, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஐம்பது வயதில் ஒருநாள், "போதும். இனி நீ இல்லாம கடலுக்குப் போக மாட்டேன்" என்றார்.

"அப்பாடா, போகாதீங்க" என்றேன்.

"நான் எங்க போகலைன்னு சொன்னேன்? நீயும் வான்றேன்."

முடிச்சூரில் விலை குறைவாக இருந்த காலத்தில் வாங்கிப் போட்ட மனையை விற்றோம். முதல் மாடியில் இருந்த இந்த ஃபிளாட்டை வாடகைக்கு விட்டோம். மலேசியாவில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இனிமேல் முடியாது என்று விற்ற பழைய பாய்மரப் படகை வாங்கினோம். "ஊர்ல அவன் அவன் கடல்ல சம்பாரிச்சு மனை வாங்கறான். எங்க மாமா மனைய வித்துட்டுக் கடலுக்குப் போறாரு" என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

முப்பத்தாறு அடி நீளம். அகலம், ஒரு ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதற்குள் சமையல், படுக்கை, கக்கூஸ், இன்ஜின், என் கைத் தையல் மெஷின். படகுக்கு என் பெயரை வைத்தார். அதனால்தான் படகின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

பதினோரு வருஷத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். அதைச் சொன்னால் ஜனங்கள் கண்ணை விரித்து, திமிங்கிலம் பார்த்தீங்களா என்று கேட்பார்கள். பார்த்தோம். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது வெங்காயம். வாரத்துக்கு ஒரு தடவை மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அழுகியதை எடுத்துக் கடலில் போட வேண்டும். ஒன்று அழுகினால் பத்து அழுகும். பனாமா தாண்டிப் பெரிய கடலில் இருபத்தேழு நாள் கரை கண்ணில் படவில்லை. அந்த இருபத்தேழு நாளும் நான் வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நம்முடைய பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு தீவுக்கும் விசா வேண்டும். அந்தக் காகிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பேன். துறைமுகத்தில் நின்றால் இவர் மற்ற படகுகளின் டீசல் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்வார். நான் கிழிந்த பாய்களைத் தைத்துக் கொடுப்பேன். தாம்பரத்தில் ஜாக்கெட்டுக்குப் போட்ட இரட்டைத் தையல்தான், துணி மட்டும் கனம்.

என் பயத்துக்கு இவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், என்னென்ன கெட்டுப்போகும் என்று பயப்படுகிறேனோ அத்தனையையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். பாய்மரம் முறிந்தால். கப்பல் வந்து மோதினால். குடிதண்ணீரில் உப்புக் கலந்தால். தமிழில்தான் எழுதுவேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார், சிரிக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்று செய்துவிட்டு வந்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவில் டிக் போடுவார். செய்யாமல் டிக் போட மாட்டார். "இடி விழுந்தால்" என்று ஒரு தடவை எழுதியிருந்தேன். "இதுக்கு நான் இன்னா பண்றது, போய்ப் பேசிட்டா வர முடியும்?" என்றார். ஆனாலும் பாய்மரத்தின் அடியில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுவிட்டுத்தான் டிக் போட்டார். அந்தச் சிவப்பு டிக்கைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இன்னொன்று, கை ஜாடை. நங்கூரம் போடும்போதும் எடுக்கும்போதும் இவர் படகின் மூக்கில் நிற்பார், நான் பின்னால் சுக்கான் பிடித்திருப்பேன். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. மற்ற படகுகளில் புருஷனும் பெண்சாதியும் துறைமுகமே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்திக்கொள்வார்கள். நாங்கள் கத்தியதில்லை. முஷ்டியை மூடினால் நிறுத்து, வேண்டாம், இல்லை, எல்லாம் அதுதான். விரலை முன்னால் நீட்டினால் மெதுவாக முன்னால் போ. கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கினால், நங்கூரம் நிலத்தை விட்டுவிட்டது, படகை இனி எதுவும் பிடித்திருக்கவில்லை, ஓட்ட வேண்டியது நீ. அந்தக் கையைப் பார்த்த பிறகு நான் அவரைக் கேட்காமல் ஓட்டலாம்.

மூன்றாவதுதான் என் தலையெழுத்து. உடம்புக்கு வந்தால் பதறக் கூடாது. எழுத வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, மணி போட்டு, என்ன தெரிகிறதோ அதை. மூன்று தடவை எழுதிய பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். நடுக்கடலில் டாக்டர் ஐந்து நாள் தூரத்தில் இருப்பார். பதறினால் ஐந்து நாள் பதற வேண்டும், அவ்வளவுதான். மடகாஸ்கருக்கு முன்னால் எனக்கு அடிவயிற்றில் வலி வந்தது. குடல்வால்தான், செத்தேன் என்று அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். முதல் தடவை வலி அதிகம். இரண்டாவது தடவை அதே. மூன்றாவது தடவை குறைந்திருந்தது. சாயங்காலம் கஞ்சி குடித்தேன். அதிலிருந்து அந்த வழக்கத்தை வேதமாக நம்பினேன். பதினோரு வருஷத்தில் அது எங்களை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பாஸ்போர்ட்டும் முடிகிற நேரம். ஐந்து மாதம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று படகை மலேசியாவில் ஒரு யார்டில் தரையில் ஏற்றி, இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். ஆறு மாத வாடகை முன்பணமாகக் கட்டினோம். ஊரில் ஃபிளாட்டில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னோம். கிளம்புவதற்கு முன் வழக்கப்படி நோட்டில் எழுதினேன். பட்டியலில் ஒன்று இவருடைய பிரஷர் மாத்திரை. இரண்டு மாதத்துக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. டாக்டரைப் பார்க்காமல் நான் விமானம் ஏற மாட்டேன் என்று சொன்னேன். நான் படகைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் யார்டுக்காரர் மோட்டார் பைக்கை வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். ஒரு பை ரம்புட்டான் பழத்தோடு திரும்பி வந்தார். "பாத்தாச்சு. நார்மல். மாத்திரையே வேணாம்னுட்டாரு" என்றார். டிக் போட்டார். அன்றைக்குப் பழம் தின்றே வயிற்றை நிரப்பிக்கொண்டோம்.

ஊருக்கு வந்து கல்யாணம் நல்லபடியாக முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. பால்கனியில் துணி காயப்போடுகிற கயிற்றின் முனையைப் பிரித்து, கப்பல் வேலைக்காரர்கள் செய்கிற மாதிரி பின்னி வளையம் போட்டுக்கொண்டிருந்தார். நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் சொன்னார்.

"ஏம்மா, வலது கை மரத்துப் போன மாதிரி இருக்கு."

கத்தியைக் கீழே போட்டேன். "ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"பதறாத. எழுது."

எழுதினேன். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். 11.10, வலது கை மரத்திருக்கிறது. 11.40, கை பரவாயில்லை, விரல் அசைகிறது. நான் சாமிக்கு நன்றி சொன்னேன். இவரும், "பாத்தியா?" என்றார். 12.10, கை மறுபடி மரத்திருக்கிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. முடிவெடுக்க வேண்டியதுதான். ஆனால் நடுவில் ஒன்று நன்றாக இருந்ததே, அதனால் இன்னொரு மூன்று எழுதலாம் என்று நினைத்தேன். அவரிடம் கேட்டேன். தலையாட்டினார். இப்போது யோசித்தால் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் இருந்ததா என்றே தெரியவில்லை. சோபாவில் படுக்க வைத்தேன், உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலந்து ஸ்பூனில் கொடுத்தேன். ஓரமாக வழிந்தது, துடைத்தேன், அதையும் எழுதினேன். அந்த மூன்றும் ஆன பிறகும் நிறுத்தவில்லை.

வாழ்நாள் முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்தவள், அன்றைக்கு ஒருநாள் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஸ்டாண்ட். தாம்பரத்தில் எத்தனை ஆஸ்பத்திரி. ஐந்து நாள் தூரம் இல்லை, அரை மணி தூரம். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் மடகாஸ்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் தம்பி கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாக்கா! மாமா மூஞ்சி கோணிகினு கீது, நீ நோட்டுல எழுதிகினு உக்காந்துகினு கீறியா!"

ஆட்டோவில் நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். அந்த நேரத்துக்கு முடிச்சூர் ரோட்டில் பள்ளிக்கூட வேன்கள். தம்பி இறங்கி முன்னால் ஓடிக் கத்திக் கத்தி வழி விலக்கினான். உள்ளே ஒரு இளம் டாக்டர், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். யாராலும் அவ்வளவு சரியாகச் சொல்ல முடியாது. நான் நோட்டைக் கொடுத்தேன். அவர் வரிவரியாகப் படித்தார். எட்டு வரி. பிறகு என்னைப் பார்த்தார்.

"டைமெல்லாம் ரொம்பக் கரெக்டா எழுதியிருக்கீங்கம்மா" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது, சீக்கிரம் வந்திருந்தால் போட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். இல்லை, கொஞ்ச நாள் முன்னால்தான் பார்த்தார்கள், நார்மல், வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். நான் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை.

வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மிஞ்சியது இரண்டு சொல், "ஆமா", "இல்ல". அவையும் கலந்துவிட்டன. காபி வேணுமா என்றால் "இல்ல" என்பார், டம்ளருக்குக் கையை நீட்டுவார். புரிந்துகொள்கிறார், சொல் மட்டும் மாறி வருகிறது என்று பயிற்சி கொடுக்க வந்த அம்மா சொன்னார். இரண்டாவது மாதம் ஒருநாள் நான் தோசையை அள்ளி அள்ளி வைக்கும்போது இடது கையைத் தூக்கி முஷ்டியை மூடினார். நிறுத்து. நான் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். அந்த ஜாடைகள் மட்டும் எங்கோ பத்திரமாக இருந்திருக்கின்றன. அதிலிருந்து நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

பதினாலு மாதம். நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. அவர் எதிரிலேயே அடித்துக்கொள்வேன். "நான்தானே உங்களை இப்படி ஆக்கினேன், ஒரு ஆட்டோ கூப்பிடத் தெரியாத ஜென்மம்" என்பேன். அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, முஷ்டியை மூடி மூடிக் காட்டுவார். அழாதே என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

யார்டு வாடகை ஏறிக்கொண்டே போனது. கட்டப் பணம் இல்லை. அவரோ சுவரில் தொங்கும் காலண்டரில் டிசம்பரைக் காட்டி, விரலை முன்னால் நீட்டுவார். மெதுவாகப் போ. காற்று மாறுகிற மாதம், படகுக்குத் திரும்பலாம் என்கிறார். நானும் சரி சரி என்பேன். யார்டிலிருந்து கடைசிக் கடிதம் வந்தபோது அதை அரிசி டப்பாவில் மறைத்து வைத்தேன். தெரிந்தால் பக்கவாதம் இன்னொரு தடவை வந்துவிடும் என்று பயம். மலேசியத் தமிழர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், பெண்சாதியோடு யார்டில் படகைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பாக்கியை யார்டுக்கு அவர்களே கட்டிவிடுவதாகவும், மிச்ச விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகவும் சொன்னார். உடைபடுவதற்கு அது மேல்.

காலையில் குளிப்பாட்டும்போது அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதுகுப் பக்கம் நின்று சொன்னேன், முகத்தைப் பார்க்க தைரியம் இல்லை. அவர் சொம்பைக் கையிலிருந்து விடவில்லை.

மூன்றரை மணிக்கு போன் வந்தது. தம்பி போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். வாத்தியார் ஏணியில் ஏறிப் படகுக்குள் போய்க் காட்டினார். மெத்தையில் பூஞ்சை. சமையல் மேடையில் காய்ந்துபோன ஒரு பல்லி. என் தையல் மெஷின் மூடியபடி இருந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"அக்கா, இந்தப் பம்புக்கு சுவிட்ச் எங்க இருக்கு?" என்றார் வாத்தியார்.

"படிக்குக் கீழ, இடது பக்கம். ரெண்டு தடவை தட்டணும். முதல் தடவை வேலை செய்யாது."

"நம்ம வீட்டு மோட்டார் மாதிரிதான்" என்றான் தம்பி.

டீச்சர் பத்திரத்தை ஒரு தடவை முழுக்கப் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "சார், உங்க போட்டை இவங்களுக்கு விக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"ஆமா" என்றார் அவர். "இல்ல. ஆமா. இல்ல."

"எந்தக் கையாலயாவது காட்டுங்க சார்."

இடது கை மேலே வந்தது. முஷ்டி மூடியது.

"வேணாங்கிறாருக்கா" என்றான் தம்பி மெதுவாக.

டீச்சர் பேனாவை மூடினார். "தப்பா எடுத்துக்காதம்மா. நான் முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொன்னவ. இதுல சாட்சிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல."

"ஆன்ட்டி, ஒடச்சிருவாங்க ஆன்ட்டி" என்றான் தம்பி.

"அது எனக்குத் தெரியுதுப்பா."

எனக்கும் தெரிந்தது. அந்த முஷ்டியைத் தாண்டி நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. பாறையில் மோதினாலும் மோதியிருப்பேன், ஓட்டியிருக்க மாட்டேன். உடைக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

போனில் அந்த வாத்தியாருக்கு தர்மசங்கடம். என்ன பேசுவது என்று தெரியாமல், "அக்கா, இந்த அலமாரியில நோட்டு நிறைய இருக்கு. உங்களோடதுதானே? அனுப்பி வைக்கவா?" என்றார். ஒன்றைப் பிரித்தார். அவர் மனைவி தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அழகா எழுதியிருக்காங்க, பாருங்க" என்று சிரித்துக்கொண்டே படித்தாள். "எலி. கரையான். முட்டு சரிஞ்சா. மழைத்தண்ணி உள்ள எறங்கினா. இவருக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்தது, டாக்டர். எல்லாத்துக்கும் அண்ணன் டிக்கு போட்டிருக்காரு."

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாரே, அந்தப் பார்வை பதினாலு மாதம் கழித்து அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பிரஷரை எந்த டாக்டர் நார்மல் என்றார் என்று கேட்ட பார்வை அது. நான் என் வீட்டுக்காரர் முன்னால் போய் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட போனீங்களா?"

"ஆமா" என்றார். "ஆமா. இல்ல."

"வாயால வேணாம். கையால சொல்லுங்க."

இடது கையைத் தூக்கினார். முஷ்டியை மூடினார். அதைத் தன் நெஞ்சில் வைத்து ஒரு தடவை குத்திக்கொண்டார். இன்னொரு தடவை. தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரம்புட்டான் மட்டும் வாங்கிட்டு வந்தீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோபம் வந்தது, அதை மறைக்கமாட்டேன். பதினோரு வருஷம் அந்தச் சிவப்பு டிக்கை நம்பித் தூங்கினேன். அதைவிட வேறொன்று வந்தது. நான் தினமும் என்னைத் திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டபோதெல்லாம் இந்த மனிதர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முந்தானையை இழுத்து இழுத்து முஷ்டி மூடிக் காட்டியது, அழாதே என்பதற்கு அல்ல. நீ இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் போகவில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

"இன்னா மாமா நீ" என்றான் தம்பி. "கடலுக்குப் பயப்பட மாட்ட, டாக்டர் ஊசிக்குப் பயந்துகினியா?"

"நீங்க பொய்யா டிக்கு போட்டீங்க" என்றேன் நான். "நான் ஆட்டோ கூப்பிடாம நோட்டு எழுதினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணோம். விடுங்க."

என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, கோணிய பக்கமாக வாய்க்குள் போனது. துடைத்துவிட்டேன். அப்புறம் தம்பியின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். விரித்த கையைத் தலைக்கு மேலே தூக்கினார். இறக்கவில்லை.

"அது என்னம்மா?" என்றார் டீச்சர்.

"நங்கூரம் நிலத்தை விட்டுடுச்சு டீச்சர். இனிமே அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல. ஓட்ட வேண்டியது நான்."

"நிச்சயமாத் தெரியுமா? விக்கச் சொல்றாரா?"

"அதை அவர் சொல்லல. என்னைப் பாத்துக்கச் சொல்றாரு. நான் விக்கிறேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். அந்தக் கை இன்னும் மேலேயே இருந்தது. டீச்சர் பேனாவைத் திறந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அவருடைய இடது கட்டைவிரலை நான்தான் மையில் ஒற்றி வைத்தேன். விரல் கனமாக இருந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. போனில் அந்தப் பெண் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் புரிந்திருக்காது.

கடைசியில் வாத்தியார் கேட்டார், "அண்ணே, பேரை மாத்தலாமா?" நான் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். இவர் முஷ்டியை மூடினார். வாத்தியார் சிரித்துவிட்டு, சரிங்கண்ணே என்றார்.

டிசம்பரில் காற்று மாறியதும் அவர்கள் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். இறங்குகிற வீடியோ வந்தது. இவர் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று எண்ணவில்லை. படகு மிதந்ததும் ஒவ்வொரு தடவையும் விரலை முன்னால் நீட்டுவார். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் பயப்பட வேண்டியதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கேட்காமலே அனுப்புகிறேன். பட்டியலில் முதல் வரி எப்போதும் டாக்டர். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுத் திருப்பி அனுப்புவாள். நான் அவளுக்குப் போன் செய்து, நிஜமாகவே போனீர்களா, ரசீது இருக்கிறதா என்று கேட்பேன். ரசீதைக் காட்டுவாள்.

மிச்சப் பணம் மொத்தமாக வருவதில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் வாத்தியார் ஏதாவது வேலை பார்த்து, கொஞ்சம் அனுப்புவார். அனுப்பும்போது எங்கே நிற்கிறார்கள், காற்று எப்படி, பம்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று நாலு வரியும் கூட வரும். இவருக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவார்.

"இன்னாக்கா, பாக்கியக் கேளேன். வேணாமா உனக்கு?" என்று தம்பி போன வாரம்கூடக் கேட்டான். வேண்டும்தான். பயிற்சி கொடுக்கிற அம்மாவுக்கு இரண்டு மாதம் தரவில்லை. ஆனால் கேட்டால் எங்கேயாவது கடன் வாங்கி ஒரே தடவையில் அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நாலு வரி எதற்கு வரும்?

கடைசியாக அவர்கள் எழுதியது இலங்கையிலிருந்து. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் வர வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரிங்கிட்.